அம்மைக்க மிஷினும் எனக்க மிஷினும்: பழஞ்சேலை விரிப்பு தைக்க எதை வாங்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை போன் பண்ணினாள். பெயர் சொல்ல மாட்டேன், அவளுடைய வகுப்புக்காரர்களுக்கு ஆள் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடும். அவளுடைய அம்மா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஆடியில் தவறிவிட்டார்.

"டீச்சர், அம்மைக்க சேலை இருபத்திமூணு இருக்கு. ஆருக்கும் குடுக்க மனசில்ல. சும்மா பெட்டியில வச்சிருக்கவும் மனசில்ல. ஒக்கி சமயத்துல நீங்க விரிப்பு தச்சுக் குடுத்தீங்கல்லா, அதுமாதிரி எங்க மூணு பேருக்கும் ஒண்ணொண்ணு தைக்கலாம்னு இருக்கேன். எந்த மிஷின் வாங்கணும்?"

அவளுடைய அண்ணன், முப்பதாயிரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மிஷின் தவணையில் எடுத்துத் தருகிறேன் என்கிறான். மாமியார், அந்தக் காலத்துச் சிங்கர்தான் மிஷின், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார். நான் இதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது தப்பாய்ப் போயிற்று. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்க தம்பி, "முதல்ல நம்ம அம்மைக்க மிஷினை ஆக்கர் கடையில போட்டுட்டு அப்புறம் ஊருக்கு உபதேசம் பண்ணு" என்று எழுதினான். மைனி அதற்குக் கைதட்டு படம் வேறு போட்டாள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழஞ்சேலை விரிப்பு தைக்க நம் ஊர்த் தையல்கடைகளில் நாற்பது ஐம்பது வருஷமாக ஓடுகிற கறுப்பு இரும்பு மிஷின் போதும். நேர்த்தையல் மட்டும் போடுகிற மிதி மிஷின். உஷா, ரீட்டா, மெரிட் என்று எந்தப் பெயர் இருந்தாலும் சரி, பழையதோ புதியதோ சரி. கம்ப்யூட்டர் மிஷின் வேண்டாம். தங்கக் கொடி போட்ட நூறு வருஷத்துச் சிங்கரும் வேண்டாம், அது உன் சொந்த அம்மையோ பாட்டியோ மிதித்ததாக இருந்தாலொழிய.

ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மிஷின் இருக்கிறது. ஒன்று அம்மை வைத்திருந்தது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது குலசேகரத்தில் தையல் தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து அப்பா வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, அதன்மேல் மிஷினைப் படுக்க வைத்து, பக்கத்தில் அம்மை உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தது கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் எங்களை நடக்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் செய்த சிங்கர். பலகையோடு ஒட்டிய இரும்பில் எண் பொறித்திருக்கும். அதன் முன்னால் உள்ள எழுத்தை வைத்து எந்த வருஷத்து மிஷின் என்று கண்டுபிடிக்கலாம். அம்மைக்கது 'எஃப்' என்று தொடங்குகிறது, அதாவது 1910-களில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் பெயர் சிங்கர்தான்.

இரண்டாவது, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கின இந்திய மிஷின். டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது எங்களுக்குக் கைத்தொழிலும் உண்டு. தையலில் என் மார்க்கைப் பார்த்து அம்மை, "பாடத்துல இத்தனை வாங்கியிருந்தா கொள்ளாம்" என்றது வேறு கதை.

இரண்டையும் ஐம்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். பார்க்க அழகு அம்மைக்க மிஷின். சத்தமும் அழகு. ஆனால் விரிப்பு தைக்க உதவினது எனக்க மிஷின்தான்.

வித்தியாசம் அடிநூலில் இருக்கிறது. தையல் மிஷின் என்பது இரண்டு நூலை முறுக்கிப் பூட்டுகிற வேலை. மேல்நூல் ஊசிக்கண் வழியாக இறங்குகிறது. ஊசி மேலே வரத் தொடங்கும்போது நூல் கொஞ்சம் தளர்ந்து ஒரு கண்ணி விழும். அந்தக் கண்ணிக்குள் ஷட்டில் புகுந்து அடிநூலைக் கடத்திவிடும். அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் இதற்கு உரிமை வாங்கினார், ஐசக் சிங்கர் 1851-ல் தம்முடைய மிஷினுக்கு வாங்கினார். கண் ஊசியின் நுனிப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிய யோசனை. கையால் தைக்கிற ஊசியில் கண் பின்னால் அல்லவா இருக்கிறது? வகுப்பில் இரண்டு ஊசியையும் காட்டிக் கேட்டால், ஒரு பிள்ளையாவது "ஏன் டீச்சர் தலைகீழா இருக்கு" என்று கேட்கும். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைகளை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அம்மைக்க மிஷினில் அந்த ஷட்டில் படகு மாதிரி நீளமாக இருக்கும். அதற்குள் மெல்லிய நீளப் பாபின். தறியில் ஓடுகிற நாடா மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போகும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தப் பாபினில் நூல் கொஞ்சம்தான் பிடிக்கும். ஒரு விரிப்புக்கு எத்தனை தடவை சுற்ற வேண்டும் தெரியுமா? ஒரு பாபின் தொலைந்தால் மார்த்தாண்டத்தில் தேடி, நாகர்கோவிலில் தேடி, கடைசியில் யாராவது வெளியூர்க்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். பின்தையல் போடும் வசதி கிடையாது. ஓரம் முடிக்கும்போது துணியைத் திருப்பிப் போட வேண்டும், அல்லது நூலை விட்டு வெட்டிக் கையால் முடிச்சுப் போட வேண்டும். பாவாடை தைக்கும்போது திருப்பலாம். ஆறு முழ விரிப்பை எங்கே திருப்ப?

எனக்க மிஷின், சிங்கர் கம்பெனி பதினைந்தாம் வகை என்று சொல்லுகிற அமைப்பின் பிள்ளை. நம் நாட்டில் வீட்டுக்கென்று விற்ற கறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் இந்த அமைப்புதான். உஷா மிஷினைக் கல்கத்தாவில் ஜெய் எஞ்சினியரிங் வொர்க்ஸ் 1930-களிலேயே செய்யத் தொடங்கினது. இடது பக்கம் தகட்டை விலக்கினால் வட்டப் பாபின், பாபின் கேஸ். இந்தப் பாபின் குலசேகரம் பஜாரிலும் கிடைக்கும், பிள்ளைகள் இருக்கிற பஹ்ரைனிலும் கிடைக்கும். ஷட்டில் தேய்ந்தால் மாற்றலாம். பல் தேய்ந்தால் மாற்றலாம். மாற்றத் தெரிந்த ஆள் சைக்கிளில் வருவார். மிஷின் வாங்குமுன் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள், பாபின் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இனி விரிப்பு தைப்பதற்கென்று தனியாக என்ன வேண்டும்?

முதலில், விரிப்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியாத பிள்ளைகளுக்கு: பழைய பருத்திச் சேலையை நாலாக, ஆறாக மடித்து, மேலே ஒட்டுத்துணி வைத்தோ வைக்காமலோ, எல்லா மடிப்பையும் சேர்த்து வரிவரியாகத் தைப்பது. வெளிநாட்டில் குவில்ட் என்கிறார்கள், நடுவில் பஞ்சுத்தகடு வைப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பஞ்சு வேண்டாம், நடுவில் இன்னும் இரண்டு மடிப்புச் சேலை போதும். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள், மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஓரத்தில் இருந்து சுற்றிச்சுற்றி உள்ளே தைத்துப்போவார்கள். எல்லாமே கைத்தையல். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் இருந்து தைத்த விரிப்புகளை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்தார்கள். குளிருக்குப் போர்த்தினதைச் சுவரில் மாட்டினால் அழகு தெரிகிறது, நம் வீட்டில் கட்டிலில் கிடந்தால் கந்தல்.

எட்டு மடிப்புத் துணியை ஊசி துளைக்க வேண்டும். அதற்குப் பலம் எங்கிருந்து வருகிறது? கரண்டு மிஷினில் மோட்டாரிலிருந்து. சின்ன மோட்டார், மெதுவாக அழுத்தினால் திணறும், வேகமாக அழுத்தினால் ஓடிவிடும். மிதி மிஷினில் கீழே இருக்கிற பெரிய இரும்புச் சக்கரத்தின் சுழற்சியில் இருந்து வருகிறது. அந்தக் கனம்தான் ஊசியைத் தள்ளுகிறது. மூலையில் திரும்பும்போது கையால் மேல்சக்கரத்தைப் பிடித்து ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்தலாம். அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கூட்டத்தார் வெளிக்கரண்டு வேண்டாம் என்று வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கிற விரிப்புகள் உலகப் புகழ் பெற்றவை, அவர்களும் மிதி மிஷின் வைத்திருப்பவர்களே.

அடுத்தது ஊசித்தட்டு. நேர்த்தையல் மிஷினில் ஊசி இறங்குகிற இடம் சின்ன வட்டத் துளை. சிக்ஸாக் மிஷினில் ஊசி இடமும் வலமும் போக வேண்டும், அதனால் நீளமான பிளவு. கனத்துணியை ஊசி குத்தும்போது அந்தப் பிளவுக்குள் துணி கொஞ்சம் அமுங்கும், தையல் நெளியும். வட்டத் துளையில் அப்படி ஆகாது. வசதி குறைவாக இருப்பதே இங்கே நல்லதாகப் போகிறது.

அப்புறம், துணியை அமுக்குகிற பாதத்தின் அழுத்தம். மிஷின் தலையின் இடது மேல்பக்கம் ஒரு திருகு இருக்கும். பாதிப்பேர் அதை ஆயுசில் தொட்டதே இல்லை. கனத்துணிக்கு அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் மேல் மடிப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து கடைசியில் சுருக்கம் விழும். அப்போது மிஷினைக் குறை சொல்லுவோம். கொடிமாதிரி வளைத்துத் தைக்க வேண்டும் என்றால் துணியை நகர்த்துகிற பல் கீழே இறங்க வேண்டும். சில மாடல்களில் அதற்குக் குமிழ் உண்டு, சிலவற்றில் அடியில் திருகு உண்டு. அம்மைக்க மிஷினில் இரண்டும் இல்லை. நேர்வரியாகத் தைக்கப் போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை.

எல்லா வீட்டு மிஷினுக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடம் ஒரு சாண்கூட முழுசாக இருக்காது. சுருட்டின விரிப்பு அதற்குள் போக வேண்டும். அதனால் எப்போதும் நடுவில் இருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும், சுருள் சின்னதாகிக்கொண்டே வரும். ஓரத்தில் தொடங்கினால் பாதியில் மாட்டிக்கொள்வாய்.

இப்போது புது கரண்டு மிஷின்காரர்களுக்கு வருகிறேன். சண்டைக்கு வராதீர்கள், நானும் ஒன்று வாங்கினவள்தான். ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம், மகன் அனுப்பின பணத்தில், வெள்ளையும் ஊதாவுமாகப் பிளாஸ்டிக் உடம்போடு ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். பூவேலை இருபது வகை போடும். ரவிக்கைக்கு நன்றாக இருந்தது, பொத்தான் துளைக்கு மிக நன்றாக இருந்தது. மூன்றாவது விரிப்பில் 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே நைலான் பல்சக்கரத்தில் ஒரு பல் போயிற்று. அந்தச் சக்கரம் வர நாலு மாதம் ஆனது. தப்பு மிஷின் மேல் இல்லை. இரண்டு மடிப்பு தைக்கச் செய்ததில் எட்டு மடிப்பைத் திணித்தது நான். குழந்தைகளுக்கு உடுப்பு, ரவிக்கை, சுடிதார் தைக்கப் போகிறவர்கள் சிக்ஸாக் மிஷின் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பழையது என்றால் எல்லாமே இரும்பு என்றும் நினைக்காதீர்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்தே வெளிநாட்டு மிஷின்கள் சிலவற்றில் நைலான் பல்சக்கரம் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மிஷின் பற்றி: நம் ஊரில் மழைக்காலத்தில் கரண்டு போவதும் வருவதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கிற பலகையில் ஈரம் இறங்கினால் சரிசெய்ய நம் பக்கம் ஆள் யார்?

ஒக்கியை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 30. நான் ஓய்வு பெற்ற வருஷம். ரப்பர் மரங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு ஓடு இல்லை. துணிமணி எல்லாம் நனைந்து, காய வைக்க வெயிலும் இல்லை. கோதையாற்றில் தண்ணீர் கலங்கி ஓடின சத்தம் இரவெல்லாம் கேட்டது. எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் கரண்டு வரவில்லை. பள்ளியில் தங்கியிருந்த பிள்ளைகள் வெறும் சிமென்ட் தரையில் படுத்தார்கள். அலமாரியில் இருந்த அம்மைக்க சேலைகள் நனையாமல் இருந்தன. அம்மை போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது, எடுக்க மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். அன்றைக்கு எடுத்தேன். மண்ணெண்ணெய் விளக்கை மிஷின் பலகையில் வைத்துக்கொண்டு எனக்க மிஷினில் விரிப்பு தைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வரி கிழித்துத் தந்தாள், அவள் மகள் பாபின் சுற்றினாள். பதினொன்று தைத்தோம். கோணல்மாணலாகத்தான் இருந்தது. பதினொன்றும் அன்றன்றே போயிற்று. என்னிடம் இப்போது ஒன்றுகூட இல்லை. அம்மைக்க சேலையில் ஒரு துண்டுகூட இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால், சில ராத்திரி உண்டு.

அதனால்தான் அந்தப் பிள்ளை கேட்டவுடன் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஊசியும் நூலும் நம் மாவட்டத்துப் பெண்களுக்குப் பொழுதுபோக்காக வந்ததில்லை என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ளலாம். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னின கூலியில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கின பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாற்றில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்பாவின் சம்பளம் அரிசிக்கு, அம்மைக்க மிஷின் எங்கள் பரீட்சைக் கட்டணத்துக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியருக்கு இது வியாதி. 1924-ல் காந்தியிடம் ஒரு மாணவர், நீங்கள் எல்லா மிஷினுக்கும் எதிரியா என்று கேட்டார். அந்த மாணவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், நெய்யாற்றின்கரை ஜி. இராமச்சந்திரன். பிறகு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து நிறுவினவர். காந்தி தம் எதிர்ப்பில் இருந்து சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் சிங்கர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, பல குடும்பங்கள் வைத்து வாழ்ந்தவர். காரணம் பிழையாக இருந்தாலும் விடை சரி என்றால் நான் முழு மார்க் போடுவேன்.

பழைய மிஷின் வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்? நூல் கோக்காமல், பாதத்தைத் தூக்கிவிட்டு, மேல்சக்கரத்தை உன் பக்கமாகக் கையால் சுற்று. ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் யோசி. முழுக்கவே இறுகிக் கிடந்தால் பயப்படாதே, அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்.

ஆமாம், தேங்காய் எண்ணெய். நம் ஊரில் கிரீச் என்று எது கேட்டாலும், கதவானாலும் கூரானாலும், தேங்காய் எண்ணெய் விடுவார்கள். மிஷினிலும் விடுவார்கள். அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். நல்ல மிஷினைக் கெட்டுப்போனது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். எல்லா எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, பைய ஆட்டிப் பார். இளகினபின் துடைத்து மிஷின் எண்ணெய் விடு. பெயின்ட் மேலே மண்ணெண்ணெயால் அழுத்தித் தேய்க்காதே, தங்கக்கோடு போய்விடும்.

பிறகு ஊசித்தண்டைப் பிடித்து அசைத்துப் பார், லொடலொடவென்று ஆடக்கூடாது. ஷட்டிலின் கூர்நுனியில் விரல் நகத்தை ஓட்டு, துரு இருந்தால் நூல் அறும். ஸ்டாண்டின் பலகையில் கறையான் இருக்கிறதா என்று அடியில் தட்டிப் பார்க்க வேண்டும். இரும்பு நூறு வருஷம் நிற்கும், பலகை நிற்காது. தோல் பெல்ட் போனாலும் பரவாயில்லை, அது கிடைக்கும். நம் மழையில் அது நீளும், கோடையில் சுருங்கும், கொஞ்சம் வெட்டிக் கொக்கி போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, நீ கொண்டுபோன துணியில், எட்டு மடிப்பில், தைத்துக் காட்டச் சொல். கடைக்காரர் வைத்திருக்கிற இரண்டு மடிப்புத் துணியில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் தைக்கும்.

பழைய சிங்கருக்கு லட்சக்கணக்கில் விலை வரும், உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். 2009-ல் சவுதியில் இந்தப் புரளி கிளம்பி, பழைய மிஷினை எந்த விலை கொடுத்தும் வாங்க ஆட்கள் அலைந்தார்கள். மொபைலைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிக்னல் போகும், அதுதான் அடையாளம் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மிஷின் பக்கத்தில் போகாமலேயே சிக்னல் போகும். வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் அப்போது ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணி, அம்மைக்க மிஷினை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். இந்தப் பதிவை அவரும் படிப்பார்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுக்கிற இலவச மிஷினை யாராவது விற்கிறார்கள் என்று வந்தால், வாங்காதீர்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கொடுக்கிற மிஷின் அது. விற்கிற நிலைமை வந்திருக்கிறது என்றால், அவளுக்குத் தையல் வேலை கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டுவலி இருந்தால் மிதிப்பது கஷ்டம், நான் மறைக்கவில்லை. இரண்டு வருஷமாக எனக்க மிஷினிலும் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருக்கிறேன். கரண்டு இல்லாதபோது பெல்ட்டை மாற்றி மிதித்துக்கொள்ளலாம். இரும்பு மிஷினில் இந்த வசதி உண்டு. கையால் சுற்றுகிற கைப்பிடியும் போடலாம், ஆனால் விரிப்புக்கு இரண்டு கையும் துணிமேல் வேண்டும்.

சரி மக்களே, கேட்ட பிள்ளைக்கு நேராகச் சொல்கிறேன். நீ இப்போதைக்கு எதையும் வாங்காதே. சேலைகளை முதலில் பிரி. பருத்தி தனி, பாலிஸ்டர் தனி. பாலிஸ்டர் வழுக்கும், பருத்தி சுருங்கும், இரண்டையும் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே கோணும். பருத்தியை எல்லாம் துவைத்துக் கஞ்சி போடாமல் உலர்த்து. பால் கறை பட்ட சேலை இருக்கும், உன் அம்மை வேலைக்கு உடுத்தது. ரப்பர் பால் கறை போகாது, போக்கவும் முயற்சிக்காதே, அந்த இடம் மேலே தெரிகிற மாதிரி வை. முந்தானைகளை வெட்டாமல் மூன்று பேருக்கும் மேல்பக்கத்துக்கு எடுத்து வை. பாலிஸ்டர் சேலையில் ஓரப்பட்டி மட்டும் போடலாம்.

மடிப்புகளைத் தரையில் விரித்து, நடுவில் இருந்து கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக் கொண்டுவா. இதில் சோம்பல்பட்டால் எந்த மிஷினும் உன்னைக் காப்பாற்றாது. ஊசி பதினாறாம் நம்பர், புதுசு. ஒரு விரிப்புக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள். மேலும் கீழும் ஒரே பருத்தி நூல். அங்குலத்துக்கு எட்டு ஒன்பது தையல் விழுகிற மாதிரி வைத்தால் போதும், நெருக்கினால் பழைய துணி கிழியும். ஊசி மாட்டும்போது பக்கம் பார்த்து மாட்டு: எனக்க மிஷினில் நூல் வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும், அம்மைக்கதில் இடமிருந்து வலமாக. மாறிப்போனால் தையல் விழவே விழாது, நீ அரைநாள் அழுதுகொண்டிருப்பாய்.

முதல் விரிப்பை எங்கள் வீட்டில் வந்து எனக்க மிஷினில் தைத்துப் பார். கை பழகினபின் உனக்கு மிஷின் வேண்டுமா, வாடகைக்குத் தைத்தால் போதுமா என்று உனக்கே தெரியும். வேண்டும் என்றால் தையல்கடையை மூடுகிற ஒருவர் ஒரு நல்ல கறுப்பு மிஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஸ்டாண்டோடு. உன் அண்ணன் சொன்ன பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நான் சுற்றிப் பார்த்துவிட்டேன், தேங்காய் எண்ணெய்தான்.

தம்பிக்கு: அம்மைக்க மிஷின் ஆக்கர் கடைக்குப் போகாது. அது விரிப்பு தைக்காது, நூல் கொஞ்சம்தான் பிடிக்கும், பின்தையல் வராது, எல்லாம் உண்மை. அதை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவும் மாட்டேன். மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு, கர்ச்சீப் ஓரம் நாலு அடித்து வைக்கிறேன். உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கட்டின காசு அந்தப் படகு ஷட்டிலில் இருந்து வந்தது. உனக்கு மறந்திருக்கும், நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். சிவராத்திரி ஓட்டத்துக்குக் கோயிலுக்கு வரும் வழியில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள் பலபேர், வழி அதேதான். வருகிறவர்கள் கத்திரிக்கோல் கொண்டுவாருங்கள், என்னுடையதைப் பேரன் காகிதம் வெட்டி மழுக்கிவிட்டான். பாபின் நான் தாறேன்.